பெண் பார்க்கப் போன கைப்பேச்சு

புதிதாக ஸ்பின்னிங்கில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின்கள் இரைகிற ஹாலுக்குள் உங்கள் வாய்க்கு வேலை கிடையாது. காலேஜில் பேச்சுப் போட்டிக் கோப்பையே வாங்கியிருந்தாலும் சரி, கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்த நிமிஷத்திலிருந்து பேச வேண்டியது உங்கள் கைதான்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டிப்ளமாவைக் கையில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒரு மில்லில் சேர்ந்தேன். ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டியபடியே நாளெல்லாம் நடக்கிற பெண்களைச் சைடர் என்போம். முதல் நாள் அப்படி ஒரு சைடரிடம் போய் "அந்த மெஷினை நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இன்னும் உரக்கக் கத்தினேன். இன்னும் மரியாதையாகத் தலையாட்டினார். ஷிப்ட் முடிவதற்குள் என் குரல் போய்விட்டது. மறுநாள் அவரே ஒரு சின்னப் போசியில் மிளகு கசாயம் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏனுங்க சார், நேத்து வாயத் தொறந்து தொறந்து மூடிட்டே இருந்தீங்களே, பல்லு வலியுங்களா?"

அதன் பிறகுதான் எங்கள் ஷிப்ட் மேஸ்திரி என்னைக் கைப்பேச்சுக்குள் இழுத்துவிட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நூல் இழுப்பதுபோல் நீட்டினால் நல்ல சரக்கு என்று பொருள். இரண்டு விரல் நுனிகளை ஒட்டவைத்துப் பட்டென்று விலக்கினால் நூல் அறுந்துவிட்டது, ஏதோ கோளாறு. தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசினால் வேஸ்ட். விரலைச் சுழற்றினால் மெஷின் ஓடுகிறது, முஷ்டியைப் பிடித்தால் நிறுத்து. இந்த ஐந்தாறு சைகைகளை வைத்துக்கொண்டு எங்கள் பெண்கள் மாமியாரைப் பற்றிய முழுப் புராணத்தையே ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சொல்லி முடித்துவிடுவார்கள். மில்லுக்கு மில் கொஞ்சம் மாறும், ஆனால் எந்த மில்லுக்காரர் பார்த்தாலும் புரியும்.

மேஸ்திரி கையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் கேன்டீன் முன்னால் நிற்கவைத்து, இனிமேல் ஷிப்ட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும் என்று அறிவித்தார். "ஆகட்டுங்க", "செஞ்சுபோடலாமுங்க" என்று அத்தனை பேரும் சொன்னார்கள். மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. மேஸ்திரி என் முழங்கையை இடித்துக் கீழே பார்க்கச் சொன்னார். முகமெல்லாம் மேனேஜரைப் பார்த்திருந்தது, செருப்பெல்லாம் கேட்டைப் பார்த்திருந்தது. மறுவாரம் ஒருவர்கூட முன்னதாக வரவில்லை. கேட்டால், "வரலாம்னுதானுங்க இருந்தோம்" என்று அதே பணிவோடு பதில் வந்தது. நம்ம ஊரில் "மாட்டேன்" என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அதைச் சொல்கிற வேலையைக் காலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு இந்தப் பக்கத்தில் யாரும் ஆள் வைத்து வேலை வாங்க முடியாது.

ஹாலில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் இருந்தது. மேனேஜருக்கு வயிற்றின் முன்னால் பெரிய வளைவு. ஸ்டோர்ஸ்காரருக்குக் கொட்டாவி. நான் வரும்போது உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொள்வார்கள். சூப்பர்வைசர் வருகிறார், சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள் என்று அர்த்தம் என்று நான் நெடுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

ஒருநாள் டீ குடிக்கையில் மேஸ்திரி போட்டு உடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்களுக்கு எடது காது டல்லுங்க. எது சொன்னாலும் 'ஆங்?'னு கேக்கறீங்கல்ல, அதுக்கு வெச்ச பேருங்க அது. எல்லாருத்துக்கும் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தோம்."

டாக்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார், கூடவே ஃபீஸ் வாங்கிக்கொண்டார். மெஷின் சத்தத்தில் காதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் சுற்றியதால் வந்த வினை. போனது திரும்பாது என்றார். நீங்கள் இன்று கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறீர்களே, அந்தச் சின்ன ரப்பர் குமிழ்களைக் காதுக்குள் வைத்துக்கொள்ளத்தான் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அதுவும் இல்லை.

காது போனது வேலையில் பெரிய தொல்லையாக இல்லை. ஹாலுக்குள் யாருக்குத்தான் காது கேட்கிறது. தொல்லை கல்யாணப் பேச்சில் வந்தது. இரண்டு இடத்தில் ஜாதகமெல்லாம் பொருந்தி வந்து, காது விஷயத்தைச் சொன்னதும் "பாக்கலாமுங்க" என்று எழுந்து போய்விட்டார்கள். அந்தச் சொல்லுக்கு நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவதாக அந்தியூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே இந்த இடம் கைகூட வேண்டும் என்று எனக்கு மனதுக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. அம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"ஏங்கண்ணு, காது சமாசாரத்த அங்க வாயத் தொறந்து சொல்லிப்போடாத. கல்யாணம் ஆகட்டும், அப்பறம் அந்தப் புள்ளையே தெரிஞ்சுக்குவா."

"அது சரியாம்மா?"

"எந்த ஊட்டுல புருசன் பொண்டாட்டி சொல்றதக் காதுல வாங்கறான்? உனக்குக் கேக்கலீன்னு அவளுக்கு எங்கிருந்து தெரியப்போகுது?"

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது "பாக்கலாமுங்க"வைக் கேட்கிற தெம்பும் இல்லை. மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். அவரும் கூட வருவார், எனக்கு எதிரே உட்காருவார். அவர்கள் கேட்பது எனக்கு எட்டவில்லை என்றால் மடியில் கையை வைத்துக்கொண்டே சைகையில் சொல்லிவிடுவார். தோட்டத்துக்காரர்களுக்கு மில் பாஷை எங்கே தெரியப்போகிறது என்பது அவர் கணக்கு.

வாடகைக் காரில் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா அமைதியான மனிதர். கன்றுக்குட்டியை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெல்லப் பேசினார். அவர் வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. அம்மா என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டதால் அவர் அவ்வப்போது ரகசியமாகச் சொன்னதும் வரவில்லை. மேஸ்திரி மட்டும் காற்று வேண்டும் என்று சொல்லிப் பெண் வீட்டார் பக்கம் போய் அவர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் இருவருக்கும் பக்கவாட்டில் சமையலறை வாசல். அங்கே ஒரு அம்மா நின்றிருந்தார். பெண்ணின் அத்தை, அப்பாவுக்கு அக்கா என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் கும்பிட்டுவிட்டு அதோடு அவரை மறந்தேன்.

அப்பா கேட்பார். மேஸ்திரி முதலில் கையைக் காதோரம் குவித்து என்னைக் கூப்பிடுவார், பிறகு கேள்வியைச் சைகையில் அனுப்புவார். நான் அதைப் புரிந்துகொண்டு பதில் சொல்வேன். நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும். பெண்ணின் அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் சொன்னதை மேஸ்திரி கையால் அனுப்பினார். "நல்லா யோசிச்சுப் பேசறாருங்க" என்றாராம்.

பெண் காப்பித் தட்டோடு வந்தாள். போட்டோவைவிட நேரில் நிறம் கொஞ்சம் குறைவு, களை நிறைய அதிகம். அவள் திரும்பிப் போனதும் மேஸ்திரி புருவத்தை உயர்த்தினார். நான் நூலை இழுத்து நீட்டிக் காட்டினேன். முதல் தரம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேச வசதி இருந்தால் மனிதன் சும்மா இருப்பானா? மேஸ்திரி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கண்ணால் காட்டித் தோளுக்கு மேலே மெல்ல வீசினார். வேஸ்ட், வெறும் தண்ணி. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து திக்கான டிகாக்‌ஷனில் புதுக் காப்பி வந்தது. பஜ்ஜி ஆறிப்போயிருக்கிறது என்று விரல் நுனிகளைப் பட்டென்று விலக்கிக் காட்டினார். ஆவி பறக்கப் பறக்க வேறு பஜ்ஜி வந்தது. மேஸ்திரிக்கு அந்த வீட்டின் உபசரிப்பு பிடித்துப்போய்விட்டது.

அப்போது பெண்ணின் பெரியப்பா ஆரம்பித்தார். அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரையைப் பார்த்தாராம். அது எப்படி நின்றது, எப்படிப் பார்த்தது, அதன் அப்பன் குதிரை எப்படி இருந்தது என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். அந்த வீட்டில் அதுவரை என் காதுக்கு முழுதாகக் கேட்ட ஒரே பேச்சு அதுதான். மேஸ்திரி விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தார். மெஷின் நிற்கமாட்டேன் என்கிறது.

"அண்ணா," என்று வாசலிலிருந்து அத்தை கூப்பிட்டார், "மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்துருங்க."

"இப்பத்தான காட்டுனேன்?"

"இன்னொருக்காக் காட்டுங்க."

பெரியப்பா குழம்பிப்போய் எழுந்து போனார். மேஸ்திரிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இந்த வீட்டில் மனதில் நினைத்தால் நடக்கிறது, பேசாமல் முடித்துவிடுங்கள் என்று கையால் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். நானும் இளித்துக்கொண்டு தலையாட்டினேன்.

தம்பிகளே, எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒருவர் கையைப் படிக்கத் தெரிந்துவிட்டால் நமக்கு ஒரு தலைக்கனம் வந்துவிடும். நம் கையை யாரோ படிக்கிறார்கள் என்பது அப்போது கண்ணில் படாது. கேட்காமலே காப்பி மாறுகிறது, பஜ்ஜி மாறுகிறது, பெரியப்பாவே மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மேஸ்திரி அடுத்து உதட்டைச் சுளித்துக் காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்றார். அத்தை உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் முழங்காலுக்கு முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். மேஸ்திரி திறந்த வாயை மூடவில்லை. நான் அப்போதுதான் அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன்.

சும்மா தொங்கிக்கொண்டிருந்த வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உருண்டுகொண்டே இருந்தன. திரித்து, விட்டு, மறுபடி திரித்து. அறுந்த நூலை ஒட்டுகிற கை. ஒருவர் மில்லை விட்டு எத்தனை காலம் ஆனாலும் அந்த விரல்கள் மட்டும் வேலையை விடாது. பஸ்ஸில், கோயில் வரிசையில், சாவு வீட்டில் எங்கே பார்த்தாலும் அதை வைத்தே நான் சைடரைக் கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு மட்டும் அது மிகத் தாமதமாகக் கண்ணில் பட்டது.

இந்த அம்மா பழைய சைடர், எங்கள் கைப்பேச்சு அத்தனையும் அவருக்குப் புரிந்திருக்கிறது. காப்பி, பஜ்ஜி, குதிரை எல்லாம் போகட்டும். வந்ததிலிருந்து மேஸ்திரி என்னைக் கூப்பிட்டதெல்லாம் காதைக் குவித்துத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காது. எந்த ரகசியத்தை மறைக்க இத்தனை கூத்தும் செய்தோமோ, அந்த ரகசியத்தையே என் பெயராக வைத்து அந்த அம்மாவின் கண்ணெதிரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம்.

அவர் எந்த நேரமும் தன் தம்பியைக் கூப்பிட்டு உள்ளே வைத்து நாலு வார்த்தை சொல்லலாம். அதன் பிறகு அந்த மெல்லிய குரலில் "பாக்கலாமுங்க" வந்துவிடும். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஒன்றும் தெரியாததுபோல் மழுப்பலாம் என்றும் தோன்றியது. இரண்டும் அசிங்கம். எனக்கு அந்தப் பெண் வேண்டும், பொய் சொல்லி வேண்டாம். அது அந்த ஒரு நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அத்தையை நேராகப் பார்த்தேன். என்னைத் தொட்டுக் காட்டினேன். இடது காதைத் தொட்டேன். விரல் நுனிகளை ஒட்டவைத்துப் பட்டென்று விலக்கினேன். அறுந்துவிட்டது. பிறகு உள் அறையைக் காட்டி, அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மேஸ்திரி எதிரே இருந்து பதறிப்போய் இரண்டு முஷ்டிகளையும் உயர்த்தினார். நிறுத்து, நிறுத்து. அதையும் அத்தை பார்த்தார். என்னென்னவோ பேசிக்கொண்டிருந்த என் அம்மா ஒன்றும் புரியாமல், தானும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவைத்தார்.

அத்தை முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. மெல்லக் கையைத் தூக்கித் தன் வலது காதைத் தொட்டார். விரல் நுனிகளை ஒட்டவைத்து விலக்கினார். அவருக்கும் அறுந்திருந்தது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார்.

நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பயந்ததில்லை. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மேஸ்திரி கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அது என்ன கேள்வி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஆமாங்க" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

உள்ளேயிருந்து அத்தை மறுபடி வாசலுக்கு வந்தார். பின்னாலேயே பெண் வந்தாள். காலி டம்ளர்களை எடுக்க வந்தவள்போல் நின்றாள், ஆனால் டம்ளர் எதையும் எடுக்கவில்லை. தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற கையை அதன் ஓரத்தில் மறைத்து விரல்களை அசைத்தாள். ஒரு காது கேட்காத அத்தையோடு சின்ன வயதிலிருந்து வளர்ந்த பெண்ணுக்கு அது தாய்மொழி மாதிரி. எங்கள் ஷிப்ட்டிலேயே அவ்வளவு வேகமான கை யாருக்கும் கிடையாது.

பிறவியிலேயா, என்று கேட்டாள்.

மில், என்று விரலைச் சுழற்றினேன்.

இன்னொரு காது?

நல்ல நூல், என்று இழுத்துக் காட்டினேன்.

தன் காதுக்குள் பஞ்சை அடைப்பதுபோல் காட்டிவிட்டு என்னை முறைத்தாள். இனிமேலாவது வைத்துக்கொள்வாயா என்று கேட்கிறாள். மரியாதையெல்லாம் சைகையில் கிடையாது. கழுத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

சொல்ல வேண்டாம் என்று யார் சொன்னது?

நான் கண்ணால் அம்மாவைக் காட்டினேன். அவள் என் அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேஸ்திரியைக் காட்டி, அந்த ஆள் எப்போதும் இப்படித்தானா என்றாள். நான் நன்றிகெட்டத்தனமாகத் தோளுக்கு மேலே பின்னால் வீசினேன். மேஸ்திரி சர்க்கரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதடு அசையவில்லை, கண் மட்டும் சிரித்தது. எனக்கு அங்கேயே உயிர் திரும்பி வந்தது.

அவள் குனிந்து ஒவ்வொரு டம்ளராக எடுத்துத் தட்டில் வைத்தாள். என் டம்ளரைக் கடைசியாக எடுக்க வந்தபோது, நான் மட்டும் பார்க்கிற மாதிரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திரி திரித்தாள். ஒட்டியாயிற்று.

அந்த நேரம் பார்த்து, மாட்டுக்கு மறுபடி தண்ணி காட்டிவிட்டு வந்த பெரியப்பா உள்ளே நுழைந்தார். எல்லாரும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா, இத்தன நேரமா ஊட்டுல ஒரு சத்தத்தையே காணோம்?" என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டார். "இந்தக் காலத்துல புள்ளைங்க ரெண்டு வார்த்த பேசிக்காம எப்படி முடிவு பண்றது? ஏனுங்க தம்பி, அந்தக் கெணத்து மேட்டுப் பக்கம் போயி ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிப்போட்டு வாங்க."

அப்பா மகளைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் உதட்டை நான் அன்றைக்கு முதன்முறையாகச் சரியாகப் படித்தேன்.

"ஏங்கண்ணு, போயிப் பேசறயா?"

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு என் வலது பக்கமாக வந்து நின்றாள். அங்கிருந்து நன்றாக எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"பேசியாச்சுங்கப்பா."